தலைநகரின் தண்ணீர்ப் பந்தல்கள்

கோடையில் முன்பின் தெரியாதவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது தில்லியின் பழைய பழக்கம். அதன் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. சில சங்கடமான கேள்விகளும் இருக்கின்றன.

தில்லியில் யாராவது வண்டியை வழிமறித்தால் சண்டைக்கு வருகிறார்கள் என்றுதான் அர்த்தம். ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் இந்தக் கணக்கு தப்பும். மே கடைசியிலோ ஜூனிலோ வரும் அந்த நாளில், தலைப்பாகை கட்டிய இளைஞர்கள் நடுச் சாலையில் நின்று பஸ், ஆட்டோ, கார் என்று எல்லாவற்றையும் மறிக்கிறார்கள். கையில் இருக்கும் தட்டு நிறைய தம்ளர்கள். தண்ணீரில் பாலும் ரோஜா சர்பத்தும் கலந்து, ஐஸ் கட்டிகளைப் போட்ட இளஞ்சிவப்பு பானம். குடிக்காமல் யாரும் லேசில் நகர்ந்துவிட முடியாது. காசு கிடையாது. நீ யார், எந்த ஊர் என்ற விசாரணையும் கிடையாது.

இதற்கு 'சபீல்' என்று பெயர். சீக்கியர்களின் ஐந்தாவது குரு அர்ஜன் தேவ், ஜஹாங்கீர் காலத்தில் 1606-இல் லாகூரில் கொல்லப்பட்டார். கொதிக்கும் தகட்டில் உட்கார வைத்து, தலையில் சுடுமணலைக் கொட்டினார்கள் என்பது சீக்கிய மரபு சொல்லும் வரலாறு. அந்த வெம்மையின் நினைவாக, அதே கோடையில், கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் குளிர்ந்த பானம். பழிக்குப் பழி என்று போகக்கூடிய ஒரு நினைவை, தாகத்துக்குத் தண்ணீர் என்று திருப்பிவிட்ட சடங்கு இது.

சொல்லின் பூர்வீகமும் சுவாரஸ்யமானது. 'சபீல்' அரபு மொழியிலிருந்து வந்தது. 'வழி' என்று பொருள். வழிப்போக்கர்களுக்குக் கட்டிய தண்ணீர்க் கூடத்துக்கும் அதே பெயர். கி.பி. 680-இல் கர்பலாவில் இமாம் ஹுசைனின் கூட்டத்துக்கு யூப்ரடீஸ் நதியின் தண்ணீர் மறுக்கப்பட்டது. அந்தத் தாகத்தை நினைத்து முகரம் நாட்களில் முஸ்லிம்கள் தண்ணீரும் சர்பத்தும் வழங்கும் இடத்தின் பெயரும் சபீல்தான். இரண்டு மதங்கள், இரண்டு உயிர்த் தியாகங்கள், இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே தம்ளர்.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. திங்களூர் அப்பூதி அடிகள், நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசரின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. இன்று தமிழ்நாட்டில் கோடை வந்தால் கட்சிக்கு ஒரு நீர்மோர்ப் பந்தல் முளைக்கிறது; பானையைவிடப் பெரிதாகத் தலைவர் படம். தில்லியில் மரத்தடியிலும் மதிலோரத்திலும் இருக்கும் பானைகள் பலவற்றில் வைத்தவரின் பெயர்கூட இருப்பதில்லை.

பிஷ்திகளின் நகரம்

தண்ணீர் தருவதைப் புண்ணியமாக நினைத்த நகரம் இது. ஆட்டுத் தோல் பையில் தண்ணீர் சுமந்து கொடுத்தவர்களுக்கு 'பிஷ்தி' என்று பெயர். சொர்க்கத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது அது. தாகம் தீர்க்கிறவன் சொர்க்கத்து ஆள் என்பது கணக்கு. 1539-இல் சௌசா போரில் ஷேர் ஷாவிடம் தோற்று ஆற்றில் தத்தளித்த ஹுமாயூனை, காற்றடைத்த தோல் பையைக் கொடுத்துக் கரை சேர்த்தவர் நிஜாம் என்ற பிஷ்தி. நன்றிக்கடனாக அவரைச் சிறிது காலம் அரியணையில் உட்கார வைத்தார் ஹுமாயூன். அந்த மன்னரின் சமாதி இன்று தில்லியின் பெரிய சுற்றுலாத் தலங்களில் ஒன்று.

கன்னாட் பிளேஸ் அருகே உள்ள பங்களா சாகிப் குருத்வாராவின் வரலாறும் தண்ணீரில்தான் தொடங்குகிறது. 1664-இல் தில்லியில் கொள்ளை நோய் பரவியது. ராஜா ஜெய்சிங்கின் மாளிகையில் தங்கியிருந்த எட்டாவது குரு ஹர் கிருஷன், அங்கிருந்த கிணற்று நீரை நோயாளிகளுக்குக் கொடுத்தார் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. அந்தச் சிறுவருக்கு அப்போது எட்டு வயதுகூட நிரம்பவில்லை. அதே ஆண்டு அம்மை நோய்க்கு அவரும் பலியானார். மாளிகை இருந்த இடத்தில்தான் இன்றைய குருத்வாரா நிற்கிறது. அங்கே தினமும் நடக்கும் லங்கரில் ஆயிரக்கணக்கானவர்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதிகாரியா, ரிக்‌ஷாக்காரரா என்று யாரும் கேட்பதில்லை.

பழைய தில்லியில் வியாபாரிகள் கட்டிய தண்ணீர்க் கூடங்களுக்கு 'பியாவு' என்று பெயர். இறந்துபோன தாய் தந்தையர் நினைவாகக் கட்டி, கல்லில் அவர்கள் பெயரைப் பொறிப்பது வழக்கம். இந்தக் கூடங்களுக்கு மக்கள் மனதில் இருக்கும் இடம் 2016 ஏப்ரலில் தெரிந்தது. சாந்தினி சௌக்கில் சீஸ்கஞ்ச் குருத்வாராவை ஒட்டியிருந்த பியாவு ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற பெயரில் இடிக்கப்பட்டது. கூட்டம் திரண்டது, இடித்த இடத்திலேயே உடனே மறுபடி கட்டினார்கள்.

ஒரு காவலாளியின் தாகம்

நம் காலத்தில் இந்த மரபைத் தனி ஆளாகக் கையில் எடுத்தவர் நடராஜன். பெங்களூரில் பிறந்தவர், லண்டனில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தவர், அங்கே வியாபாரம் செய்தவர். குடல் புற்றுநோய் வந்து, மீண்டு, இந்தியா திரும்பி, தென்தில்லியின் பஞ்ச்சீல் பார்க்கில் குடியேறினார். புற்றுநோயாளிகளின் கடைசிக் காலப் பராமரிப்பு இல்லத்தில் தொண்டு செய்தார். தில்லி அவரை அடையாளம் கண்டுகொண்டது வேறொரு காரியத்துக்காக. 'மட்கா மேன்', அதாவது பானை மனிதர் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர்.

தொடக்கம் மிகச் சிறியது. 2014 வாக்கில், தெருவில் போகிறவர்கள் குடிக்கட்டுமே என்று தன் வீட்டு வாசலில் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தார். அங்கே தண்ணீர் பிடிக்க வந்தவர்களில் ஒருவர் ஒரு காவலாளி. வேலை செய்யும் இடத்தில் குடிக்கக்கூடாதா என்று விசாரித்தபோது, அங்கே யாரும் தண்ணீர் தருவதில்லை என்று தெரியவந்தது. பேட்டிகளில் நடராஜன் சொன்ன காரணம் இதுதான். கோடிக்கணக்கில் விலை போகும் வீடுகள் நிறைந்த பகுதி அது. அந்த வீடுகளுக்குக் காவல் இருப்பவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் இல்லை.

அதன் பிறகு தென்தில்லியின் சாலையோரங்களில் ஒவ்வொன்றாகப் பானைகள் வந்தன. இரும்புச் சட்டத்தில் பொருத்திய மண்பானைகள், பக்கத்தில் குவளை. வண்டியில் பெரிய தொட்டியும் பம்ப்பும் பொருத்தி, விடியும் முன்பே கிளம்பி, ஒவ்வொரு பானையாக நிரப்பிக்கொண்டு போனார். தண்ணீர் தீர்ந்தால் தகவல் சொல்லத் தன் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்தார். செலவு பெரும்பாலும் சொந்தச் சேமிப்பு. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா 2021-இல் சமூக ஊடகத்தில் பாராட்டிய பிறகு அவர் பெயர் நாடெங்கும் தெரிந்தது. அதற்குள் பானைகளுக்கு ஏழு வயது ஆகியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது பானைகளின் எண்ணிக்கையை அல்ல, அந்த விடியற்காலையை. பானை வைப்பது ஒரு நாள் வேலை. படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். வைத்த பானையைத் தினமும் நிரப்ப வேண்டும், பாசி பிடிக்காமல் கழுவ வேண்டும், மூடி காணாமல் போனால் வேறு மூடி வாங்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்ததும் தில்லியில் டெங்கு காலம் தொடங்கிவிடும். கேட்பாரற்றுத் தேங்கிய சுத்தமான நீர்தான் அந்தக் கொசுவுக்குப் பிடித்த இடம். கவனிக்க ஆள் இல்லாத தண்ணீர்ப் பானை, ஆகஸ்ட்டில் ஒரு நோய்ப் பண்ணை. இரக்கத்திலும் பராமரிப்புச் செலவு உண்டு.

காற்று செய்யும் வேலை

பிளாஸ்டிக் தொட்டி வைக்காமல் ஏன் மண்பானை? பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது; தண்ணீர் குளிர்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். மே, ஜூன் மாதங்களில் வட இந்தியச் சமவெளியில் வீசும் 'லூ' என்ற அனல் காற்று மனிதனைச் சுருட்டிப் போட்டுவிடும். பானைக்கு அதே காற்றுதான் குளிர்சாதனம். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறியதும் பானையின் ஜம்பம் அடங்கிவிடும்.

தில்லிக்கு வேண்டிய பானைகளில் பெரும்பங்கு உத்தம் நகர் குயவர் குடியிருப்பிலிருந்து வருகிறது. ராஜஸ்தானிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் வந்து குடியேறிய குயவர் குடும்பங்கள் அங்கே வீட்டு வாசலிலேயே சக்கரம் சுற்றுகின்றன. மொட்டை மாடியில் பானைகள் காய்கின்றன. குளிர்பதனப் பெட்டிகள் வந்த பிறகும் இந்தத் தொழில் அடியோடு படுத்துவிடவில்லை. நடைபாதையில் வாழ்கிறவர்களுக்கும் கடை வாசலில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கும் மின்சாரம் கேட்காத குளிர்பதனப் பெட்டி அது ஒன்றுதான்.

உயிர்ப் பிரச்சினை

தண்ணீர் கொடுப்பது நல்ல பழக்கம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது தில்லியின் வெயில். 2024 மே 29 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் பதிவானது; 79 ஆண்டுகளில் அதுவே அதிகம். அதே நாளில் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று வந்த செய்தி உலகம் முழுக்கப் பரவியது. கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டிவிட்டது என்று வானிலைத் துறை பிறகு விளக்கியது. ஜூன் 19 அன்று இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையே 35.2 டிகிரி. இரவிலும் உடம்பு ஆற முடியாத அந்த நாட்களில் வீடற்றவர்களும் கூலித் தொழிலாளர்களும் மயங்கி விழுந்தார்கள், பலர் இறந்தார்கள்.

வெப்ப மயக்கத்தில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது, நினைவு தடுமாறுகிறது. உடனே உடலைக் குளிர்விக்காவிட்டால் மூளை, சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொரு உறுப்பாகப் பழுதாகும். ராம் மனோகர் லோகியா மருத்துவமனை அந்த ஆண்டு இதற்கென்றே ஒரு பிரிவைத் திறந்து, நோயாளிகளைப் பனிக்கட்டி நீர்த் தொட்டியில் அமிழ்த்திச் சிகிச்சை தந்தது. வியர்த்துக்கொண்டே இருந்தால்தான் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியும். வியர்க்க வேண்டுமானால் குடிக்க வேண்டும். வெயிலில் உழைக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டராவது வேண்டியிருக்கும். லிட்டர் 20 ரூபாய் பாட்டிலில் அதை வாங்கினால் 100 ரூபாய். கூலியில் இருந்து அதை எடுத்துவிட்டு வீட்டுக்கு என்ன கொண்டுபோவது? சாலையோரப் பானையின் மதிப்பு அங்கேதான் தெரிகிறது.

நகரமே தண்ணீருக்குத் தவிக்கிற ஊர் இது. அரசு கணக்குப்படி ஒரு நாளைய தேவை சுமார் 129 கோடி காலன். கிடைப்பது 100 கோடி காலனைச் சுற்றி. யமுனையில் ஹரியானா போதிய நீர் விடவில்லை என்று சொல்லி 2024 ஜூனில் தில்லியின் நீர்வளத் துறை அமைச்சர் ஆதிஷி உண்ணாவிரதம் இருந்தார். லாரி வந்ததும் குடத்தோடு ஓடும் காட்சி சென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. இந்தப் பற்றாக்குறைக்கு நடுவில், தனக்குக் கிடைத்ததில் ஒரு பங்கை வாசலில் வைக்கிறவரின் மனசுதான் பெரிது.

எந்தக் கையால்?

தண்ணீர் கொடுத்த கதையை மட்டும் சொல்லிவிட்டு, மறுத்த கதையை விட்டுவிடுவது நியாயமில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் வட இந்திய ரயில் நிலையங்களில் 'இந்து தண்ணீர்', 'முஸ்லிம் தண்ணீர்' என்று தனித்தனியாகக் கூவிக் கொடுத்தார்கள். பியாவுகளிலும் தாழ்த்தப்பட்டவர்களுக்குக் குவளை கிடையாது. உயரத்திலிருந்து மூங்கில் குழாய் வழியாகக் கையில் ஊற்றுவதுதான் வழக்கம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஒன்றாகச் சாப்பிட்டுப் பழகிய வீரர்களை, போருக்குப் பின் தில்லியில் காவலில் வைத்தபோது, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியாகத் தேநீர் கொடுத்தார்கள். வீரர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பகிர்ந்து குடித்தார்கள். தேநீரைக் கலப்பதே ஒரு போராட்டமாக இருந்த காலம் அது.

சுதந்திரம் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், வசதியான வீடுகள் பலவற்றில் வேலைக்கார அம்மாவுக்கென்று தனித் தம்ளர் அலமாரி மூலையில் இருக்கிறது. சாலையோரப் பானை இந்த விஷயத்தில் பேசாமல் ஒரு காரியம் செய்கிறது. ஒரே பானை, ஒரே குவளை. காவலாளி குடித்த குவளையில் கூரியர் பையன் குடிக்கிறான். அடுத்து பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை.

தண்ணீரின் பெயரால் இந்த நகரம் செய்த மிகப் பெரிய கொடுமையும் உண்டு. 1984 நவம்பரில், இந்திரா காந்தி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து சீக்கியர்கள் வேட்டையாடப்பட்ட நாட்களில், தில்லியின் குடிநீரில் சீக்கியர்கள் விஷம் கலந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. குடிமை உரிமை அமைப்புகள் அந்த மாதமே வெளியிட்ட அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. படித்தவர்களும் நம்பினார்கள், குழாய்த் தண்ணீரைக் குடிக்கப் பயந்தார்கள். தில்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசு நியமித்த குழு பின்னர் கணக்கிட்டது.

இன்று சபீல் நாளில் தில்லிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, தலைப்பாகைக்காரர் நீட்டும் தம்ளரை வாங்கி, என்ன கலந்திருக்கிறது என்று ஒரு கணம்கூட யோசிக்காமல் ஒரே மூச்சில் குடிக்கிறார். கொடுக்கிறவரின் வீட்டில் 1984-இல் யாரை இழந்தார்களோ, குடிக்கிறவருக்குத் தெரியாது. குடிக்கிறவர் அன்று எந்தப் பக்கம் நின்றாரோ, கொடுக்கிறவர் கேட்பதில்லை. வழக்குகளும் விசாரணைக் கமிஷன்களும் பல பத்தாண்டுகள் இழுத்த ஊரில், சின்னஞ்சிறு நம்பிக்கை ஒன்று இப்படித்தான் தம்ளர் தம்ளராகத் திரும்பக் கட்டப்பட்டிருக்கிறது.

இறக்கை உள்ளவர்களுக்கும்

செங்கோட்டைக்கு எதிரே உள்ள ஜைனக் கோயில் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை. 1929-இல் தொடங்கியது, சிகிச்சை இலவசம். வெயிலில் நீர் வற்றி விழுந்த புறாவையும் கிளியையும், சுதந்திர தினப் பட்டத்தின் மாஞ்சாக் கயிற்றில் சிறகு அறுபட்ட பறவைகளையும் யாரோ வழிப்போக்கர்கள் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பறவை குணமானால் கூண்டில் வைப்பதில்லை, பறக்க விட்டுவிடுகிறார்கள்.

கோடைக்குத் தண்ணீர் என்றால் குளிருக்குத் துணி. 1999-இல் 67 துணிகளோடு தில்லியில் 'கூஞ்ஜ்' அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. கட்டுமானத்தில் இருந்த மெட்ரோ பாலம் 2008-இல் லட்சுமி நகரில் இடிந்து விழுந்தபோது, காயம்பட்ட ஏழைகள் மருந்துக்குத் திண்டாடியதைப் பார்த்தவர் ஓங்கார்நாத். ரத்த வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர், வீடு வீடாகப் போய் மிச்சம் மீதி மருந்துகளைச் சேகரித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்து, 'மெடிசின் பாபா' ஆனார்.

பானையும் சட்டமும்

இவ்வளவு நல்லவர்கள் இருக்கும்போது அரசு எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். அங்கேதான் சிக்கல். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நல்ல குடிநீர் தர வேண்டியது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. மாசற்ற நீர் கிடைப்பது உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவ்வளவு இருந்தும் அந்தக் காவலாளி தண்ணீரைத் தேடி அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டியிருந்தது.

2024 மே மாதத்தில் துணைநிலை ஆளுநர் வி.கே. சக்சேனா, கட்டுமானத் தொழிலாளர்களுக்குப் பகல் 12 முதல் 3 மணி வரை ஊதியத்தோடு ஓய்வு தர உத்தரவிட்டார். வேலையிடத்தில் தண்ணீரும் இளநீரும் வைக்க வேண்டும், பஸ் நிறுத்தங்களில் மண்பானை வைக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொன்னது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தனி மனிதர் தன் வாசலில் செய்ததை அரசு தன் தாளில் எழுதியது. நல்லதுதான். ஆனால் உத்தரவுக்கு மே மாதம் மட்டும் நினைவிருக்கும். பானைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும்.

உரிமையாகக் கிடைக்க வேண்டியது இரக்கமாகக் கிடைப்பது பெருமையல்ல. ஆனால் உரிமை வந்து சேரும்வரை தாகம் காத்திருக்காது. வாசலில் ஒரு பானை வைக்க மனுப் போட வேண்டாம், சங்கம் பதிவு செய்ய வேண்டாம். உத்தம் நகரில் ஒரு பானை, ஒரு மூடி, ஒரு குவளை, தினமும் காலையில் கழுவி நிரப்பப் பத்து நிமிடம். அத்தோடு, தன் வீட்டு வேலையாளும் காவலாளியும் தண்ணீருக்கு எங்கே போகிறார்கள் என்ற ஒரு கேள்வி. தில்லியின் அடுத்த கோடைக்கு அதிக நாள் இல்லை.